சம்பளம் போதவில்லை என்றால் மிச்சத்தை யார் கொடுப்பது?

பிரிட்டனில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை 7 மணிக்கு முதல் வீடு. படுக்கையிலிருந்து எழுப்பி, உடம்பு கழுவி, மாத்திரை கொடுத்து, தேநீர் போட்டு வைத்துவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பியாக வேண்டும். அடுத்த வீடு காரில் பத்துப் பதினொரு நிமிடம். இப்படி ஒரு நாளில் 12 வீடு. மணிக்கு 14 பவுண்டு என்று சொல்லித்தான் நிறுவனம் வேலைக்கு எடுத்தது. 2026 ஏப்ரல் முதல் 21 வயது ஆனவர்களுக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் 12.71 பவுண்டு. ஆக, 14 என்றால் பரவாயில்லை என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்த 14 பவுண்டு, வீட்டுக்குள் இருக்கும் நேரத்துக்கு மட்டும். 12 அரை மணி சேர்ந்தால் 6 மணி நேரம், 84 பவுண்டு. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஓட்டிய நேரம் மட்டும் 2 மணி. சட்டப்படி அதுவும் வேலை நேரம்தான். 84ஐ 8ஆல் வகுத்துப் பாருங்கள்: 10.50. விளம்பரத்தில் சட்டத்துக்கு மேலே, கையில் வரும்போது சட்டத்துக்குக் கீழே.

எண்கள் நான் போட்டவை. விவகாரம் நிஜம், இந்த மாதிரி வழக்குகள் அங்கே தீர்ப்பாயம் வரை போயிருக்கின்றன. இந்தப் பெண்ணைக் கூடவே வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன். காரணம், குறைந்த சம்பளத்துக்குப் பணக்கார ஜனநாயக நாடுகள் வைத்திருக்கும் வைத்தியங்கள் எல்லாமே காகிதத்தில் நன்றாக இருக்கும். அவள் கைக்கு என்ன வருகிறது என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

வைத்தியங்கள் மொத்தம் நான்கு. முதலாளியைச் சட்டத்தால் கொடுக்க வைப்பது, அரசு வரிப்பணத்தில் மேலே போட்டுக் கொடுப்பது, தொழிற்சங்கமே பேசி வாங்கிக்கொள்வது, தொழில்வாரியாக ஒரு சபை வைத்து நிர்ணயிப்பது. எந்த நாடும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டவில்லை, கலந்துதான் வைத்திருக்கிறார்கள். எதை முதலில் பிடிப்பது என்பதுதான் கேள்வி.

சட்டம் போடும் வழி

குறைந்தபட்ச ஊதியம் என்றாலே எல்லோரும் தொகையைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால், தொகையைவிட அதை ஆண்டுதோறும் யார் உயர்த்துவது என்பதுதான் பெரிய விஷயம்.

அமெரிக்காவில் 1938ல் ரூஸ்வெல்ட் காலத்தில் மணிக்கு 25 சென்ட் என்று ஆரம்பித்தார்கள். உயர்த்த வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் காங்கிரஸ் கூடிச் சட்டம் போட வேண்டும். கடைசியாக உயர்ந்தது 2009 ஜூலையில், 7.25 டாலர். அதோடு சரி. உணவகத்தில் டிப்ஸ் வாங்குபவர்களுக்கு முதலாளி கொடுக்க வேண்டியது 2.13 டாலர், அது 1991லிருந்து அசையவில்லை. டிப்ஸும் சேர்த்து 7.25 வராவிட்டால் மிச்சத்தை முதலாளி கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தக் கணக்கைப் போய் எந்தப் பரிசாரகர் முதலாளியிடம் கேட்பார் என்பது வேறு விஷயம். வாஷிங்டன் தூங்கியதால் மாநிலங்கள் தாங்களே எழுந்துகொண்டன. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இன்று உள்ளூர்த் தொகை அதைவிட அதிகம். 2020ல் டிரம்புக்கு வாக்களித்த அதே ஃபுளோரிடா, அதே வாக்குச்சீட்டில் 15 டாலர் ஊதியத்துக்கும் 60 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கொடுத்தது. மக்களுக்கு இதில் குழப்பம் இல்லை.

பிரிட்டன் பிந்தித்தான் வந்தது: 1999 ஏப்ரல், 3.60 பவுண்டு. ஆனால் வந்த விதம் கெட்டிக்காரத்தனமானது. குறைந்த ஊதிய ஆணையம் என்று ஒன்பது பேர்: மூவர் தொழிலாளர் பக்கம், மூவர் முதலாளிகள் பக்கம், மூவர் இரண்டிலும் சேராதவர்கள். ஊர் ஊராகப் போய்க் கேட்கிறார்கள், புள்ளிவிவரம் பார்க்கிறார்கள், ஆண்டுதோறும் ஒரு தொகையைப் பரிந்துரைக்கிறார்கள், அரசு பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. சட்டம் வந்தபோது எதிர்த்த கன்சர்வேட்டிவ் கட்சியே, 2016ல் ஜார்ஜ் ஆஸ்பர்ன் நிதியமைச்சராக இருந்தபோது, ‘தேசிய வாழ்வூதியம்’ என்று புதுப் பெயர் சூட்டி 7.20 பவுண்டாக்கியது. எல்லாத் தொழிலாளர்களையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவர் வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்கு என்று அடுத்த இலக்கு வைத்து, 2024ல் அதையும் எட்டிவிட்டார்கள். ஆரம்பத்தில் பிரிட்டன் தொழிலாளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அந்த மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இருந்தார். இன்று அது நூற்றுக்கு நான்கு பேருக்கும் கீழ்.

வேலை போய்விடும் என்ற பயம் எங்கும் இருந்தது. 1992ல் நியூஜெர்சி மாநிலம் 4.25 டாலரை 5.05 ஆக்கியபோது டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் அங்கேயும் பக்கத்து பென்சில்வேனியாவிலும் 410 துரித உணவுக் கடைகளை முன்னும் பின்னும் கணக்கெடுத்தார்கள். நியூஜெர்சியில் வேலை குறைந்ததற்கான அடையாளமே இல்லை. பொருளாதாரப் பேராசிரியர்கள் கொதித்தார்கள், பதிலுக்குப் பதில் ஆய்வு வந்தது. கடைசியில் 2021ல் கார்டுக்கு நோபல் கிடைத்தது. 2015ல் ஜெர்மனி முதன்முறையாக 8.50 யூரோ என்று சட்டம் போட்டபோதும் பெரிய வேலையிழப்பு வரவில்லை. சின்ன, குறைந்த சம்பளக் கடைகளிலிருந்து ஆட்கள் கொஞ்சம் பெரிய, நன்றாக நடக்கும் நிறுவனங்களுக்கு நகர்ந்தார்கள் என்றுதான் பிற்பாடு தெரியவந்தது. நகர்ந்தவர்களில் பலர் கொஞ்சம் தூரம் போய் வேலை பார்க்க வேண்டி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜெர்மனியிலும் ஆணையம்தான் தொகை சொல்கிறது, ஆனால் 2022ல் தேர்தல் வாக்குறுதிக்காக அரசே ஆணையத்தைத் தாண்டி 12 யூரோ ஆக்கியது. அடுத்த ஆண்டே ஆணையம், தொழிற்சங்க உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தும், ஆண்டுக்கு வெறும் 41 சென்ட் வீதம் கூட்டியது. குழு அமைத்தால் அரசியல் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிரான்சில் வேறு கதை. அங்கே குறைந்தபட்ச ஊதியம் விலைவாசியோடு தானாக ஏறும், நம்மூர்ப் பஞ்சப்படி மாதிரி. அதனால் முதலாளிகளுக்குச் சுமை என்று, அந்த நிலையில் உள்ள ஆட்களுக்கு முதலாளி கட்ட வேண்டிய சமூகக் காப்பீட்டுப் பங்கை அரசு கிட்டத்தட்ட முழுதாகவே தள்ளுபடி செய்கிறது. சம்பளம் ஏற ஏறத் தள்ளுபடி குறையும். விளைவு? ஆளுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுப்பது முதலாளிக்கு இரட்டைச் செலவு. அடியோடு ஒட்டியே ஒரு கூட்டம் நிற்கிறது: 2023 தொடக்கத்தில் தனியார் துறை ஊழியர்களில் சுமார் 17 சதவீதம் பேர் குறைந்தபட்சத்தில்தான் இருந்தார்கள்.

சரி, நம் பெண்ணுக்கு? சட்டம் அவள் பக்கம்தான். 10.50 வாங்கியது தவறு, வித்தியாசத்தை வாங்கலாம். ஆனால் கார் ஓட்டிய நிமிடங்களை யாராவது எண்ண வேண்டும். இன்னொன்று, சட்டம் ஒரு மணி நேரத்தின் விலையைத்தான் சொல்லும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று சொல்லாது. 16 மணி நேரம்தான் வேலை என்றால் மணிக்கு 12.71 கிடைத்தும் வாடகை கட்ட முடியாது.

அரசு மேலே போடும் வழி

இது புதிய யோசனை என்று நினைப்பவர்கள் 1795க்குப் போக வேண்டும். அந்த மே மாதம் இங்கிலாந்தில், பெர்க்‌ஷயர் மாவட்டத்து ஸ்பீன்ஹாம்லாந்தில், பெலிகன் என்ற விடுதியில் உள்ளூர் நீதிவான்கள் கூடினார்கள். ரொட்டி விலை ஏறிவிட்டது, பண்ணைக் கூலி ஏறவில்லை. ஒரு பெரிய ரொட்டி ஒரு ஷில்லிங் விற்றால், ஓர் ஆளுக்கு வாரம் 3 ஷில்லிங், மனைவிக்கும் குழந்தைகளுக்கும் தலைக்கு ஒன்றரை ஷில்லிங். கூலி இதற்குக் கீழே இருந்தால் மிச்சத்தை ஊர் ஏழைவரியிலிருந்து கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். இரக்கத்தில் பிறந்த ஏற்பாடுதான். ஆனால் பண்ணையாருக்கு ஒரு விஷயம் உடனே புரிந்திருக்கும்: நான் குறைத்துக் கொடுத்தால் ஊர் நிரப்பும். ‘ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. 1834ல் ஓர் அரச ஆணையம் இதைக் கடுமையாகச் சாடி, ஏழைகளுக்கான சட்டத்தையே மாற்ற வைத்தது. அந்தச் சாடலில் பாதி மிகைப்படுத்தல் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் பண்ணையார் சந்தேகம் இன்றுவரை போகவில்லை.

இதன் நவீன அவதாரம் அமெரிக்காவின் ஈஐடிசி, 1975ல் வந்தது. வேலை செய்து சம்பாதிப்பவர்களுக்கு வருமான வரித் துறையே பணம் கொடுக்கும் ஏற்பாடு. இரண்டு குழந்தைகள் உள்ள ஒரு தாய், 7.25 டாலருக்கு வருடம் முழுக்க முழு நேரம் உழைத்தால் 15,080 டாலர். 2024ஆம் ஆண்டுக் கணக்கில் டாலருக்கு 40 சென்ட் வீதம் அவளுக்குக் கிடைப்பது 6,032 டாலர். சின்னத் தொகை இல்லை, சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு! முதலாளிக்கு ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை என்பதால் எதிர்ப்பும் குறைவு. ரிபப்ளிகன், டெமாக்ரட் இருவரும் இதை வளர்த்தார்கள். பணம் குடும்பத்தைப் பார்த்துப் போகிறது, ஆகவே வசதியான வீட்டுக் கல்லூரிப் பையனின் விடுமுறை வேலைக்குப் போகாது. குறைந்தபட்ச ஊதியத்தால் முடியாத காரியம் இது.

ஓட்டைகளும் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை, பிப்ரவரி, மார்ச்சில் மொத்தமாக வரும். அதுவரை கடன். படிவத்தை நிரப்பித் தருகிறேன் என்று கடை போட்டிருப்பவர்களுக்கும் ஒரு பங்கு போகும். குழந்தை இல்லாத ஆளுக்கு அதே ஆண்டில் உச்சபட்சமே 632 டாலர்தான்: யானைப்பசிக்குச் சோளப்பொரி. அப்புறம் பண்ணையார் கணக்கு. இந்தப் பணத்துக்காக நிறையப் பேர் வேலைக்கு வந்தால் சம்பளம் ஏறாமல் நிற்கும். தனியாகக் குழந்தை வளர்க்கும் தாய்க்குப் போகும் ஒவ்வொரு டாலரிலும் 70 சென்ட்தான் அவளிடம் தங்குகிறது, மீதி குறைந்த கூலி வழியாக முதலாளிக்குப் போகிறது என்று ஜெஸ்ஸி ரோத்ஸ்டீன் என்ற பொருளாதார அறிஞர் 2010ல் மதிப்பிட்டார். உதவியே கிடைக்காத பக்கத்து வேலையாளின் கூலியும் சேர்ந்து இறங்குகிறது என்பது அதே மதிப்பீட்டின் கொடுமையான பகுதி.

நம் பிரிட்டன் பெண்ணுக்கு யுனிவர்சல் கிரெடிட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் கொடுக்கும் உதவி, வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு ஒரு பவுண்டு சம்பளம் கூடினால் என்ன ஆகும்? வருமான வரி 20 பென்ஸ், தேசியக் காப்பீடு 8 பென்ஸ் போக 72. சம்பளம் ஏறியதால் யுனிவர்சல் கிரெடிட் அந்த 72ல் 55 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளும். கையில் நிற்பது சுமார் 32 பென்ஸ். 68 பென்ஸ் கருவூலத்துக்கு. முதலாளி கொடுத்த பவுண்டில் பெரும்பங்கு அரசுக்கே திரும்பிப் போகிறது. கன்சர்வேட்டிவ் நிதியமைச்சர்களுக்கு வாழ்வூதியத்தின் மேல் திடீரென்று பாசம் வந்ததில் இந்தக் கணக்குக்கும் பங்கு இருந்திருக்கும் என்று நான் சந்தேகப்படுகிறேன்.

டென்மார்க்காரர்கள் வழி

டென்மார்க்கில் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே கிடையாது. ஸ்வீடனிலும் கிடையாது. ஆனால் கூலி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

1981ல் மெக்டொனால்ட்ஸ் அங்கே கடை திறந்தது. ஹோட்டல், உணவகத் தொழிலில் நடைமுறையில் இருந்த கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தது. போட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, ஆகவே அரசு தலையிடவில்லை. சில ஆண்டுகள் ஓடின. 1980களின் கடைசியில் மற்ற தொழிற்சங்கங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. துறைமுகத் தொழிலாளர்கள் அந்த நிறுவனத்துக்கு வந்த சரக்கை இறக்க மாட்டோம் என்றார்கள். லாரி ஓட்டுநர்கள் ஏற்ற மாட்டோம் என்றார்கள். அச்சுத் தொழிலாளர்கள் அந்தக் கடைக்கு வேண்டியதை அச்சடிக்க மாட்டோம் என்றார்கள். பர்கர் இருக்கிறது, சுற்றிக் கொடுக்கக் காகிதம் இல்லை என்கிற நிலை. 1989ல் நிறுவனம் வழிக்கு வந்தது. இன்றும் அங்கே பர்கர் புரட்டுபவர் ஒப்பந்தப்படியான சம்பளமும் ஓய்வூதியப் பங்கும் வாங்குகிறார்.

ஸ்வீடனில் இதே நாடகம் இப்போது டெஸ்லாவை வைத்து நடக்கிறது. 2023 அக்டோபரில் மெக்கானிக்குகள் வேலைநிறுத்தம் தொடங்க, துறைமுகத்தார் கார்களை இறக்க மறுத்தார்கள், தபால்காரர்கள் நம்பர் பிளேட்டுகளைக் கொண்டுபோக மறுத்தார்கள். ஆனால் எலான் மஸ்க் அசைந்து கொடுக்கவில்லை. இரண்டு ஆண்டு தாண்டியும் இழுபறி. இந்த வழி எப்போதும் வெல்லும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

நம் பெண் கோபன்ஹேகனில் இருந்திருந்தால் ஓட்டும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்பது அவள் சங்கத்தின் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும்; சண்டையும் சங்கமே போடும். வழிகளிலேயே நல்லது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சிக்கல் என்னவென்றால், இதை இறக்குமதி செய்ய முடியாது. ஒரு தொழிலாளிக்காக இன்னொரு தொழில்காரர் வேலைநிறுத்தம் செய்வதை அமெரிக்கா 1947லேயே பெருமளவு தடுத்துவிட்டது, பிரிட்டன் 1990ல் முழுதாக மூடிவிட்டது. அச்சடிக்க மறுத்தவர் லண்டனில் இருந்தால் சட்டவிரோதம்! மேலும் டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் வேலையில்லாக் காலக் காப்பீட்டு நிதிகளே தொழிற்சங்கங்களோடு ஒட்டி வளர்ந்தவை. சங்கத்தில் சேர அதுவே ஒரு காரணம். 2007ல் ஸ்வீடன் அரசு அந்த நிதிகளின் சந்தாவைக் கூட்டியதும் சங்க உறுப்பினர் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. நூறு வருடமாகக் கட்டிய வீடு, ஒரு செங்கல்லை உருவினால் ஆடுகிறது.

2022ல் ஐரோப்பிய ஒன்றியம் போதுமான குறைந்தபட்ச ஊதியம் பற்றி ஒரு பொதுவிதி கொண்டுவந்தபோது முதலில் எதிர்த்தவர்களில் இந்த இரு நாட்டுத் தொழிற்சங்கங்களும் உண்டு. தொழிலாளருக்காக வந்த விதியைத் தொழிலாளரே எதிர்ப்பதா என்று வெளியே இருந்தவர்கள் விழித்தார்கள். அரசு இன்று உயர்த்தினால் நாளை இறக்கவும் செய்யும், எங்கள் பேரத்தில் கை வைக்காதே என்பது அவர்கள் வாதம். டென்மார்க் வழக்குப் போட்டது. 2025 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சில பகுதிகளை மட்டும் நீக்கிவிட்டு மீதியை நிற்க விட்டது.

நடுவில் ஒரு வழி

தொழில்வாரியாகச் சபை வைப்பது பழைய யோசனை. 1909ல் வின்ஸ்டன் சர்ச்சில் வர்த்தக அமைச்சராக இருந்தபோது நான்கு தொழில்களுக்கு மட்டும் ஊதிய வாரியம் அமைத்தார்: தையல், காகிதப் பெட்டி, லேஸ் வேலை, சங்கிலி அடிப்பது. கடைசித் தொழிலில் கிரேட்லி ஹீத் ஊர்ப் பெண்கள் கொல்லைப்புறப் பட்டறையில் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சங்கிலிக் கண்ணி அடித்தார்கள். வாரியம் மணிக்கு இரண்டரை பென்னி என்று நிர்ணயித்தது. பலருக்கு அது கூலி இரட்டிப்பு. முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ‘எனக்குப் புதுக் கூலி வேண்டாம்’ என்று ஒரு தாளை நீட்டினார்கள். படிக்கத் தெரியாத பெண்கள் பலர் அதில் அடையாளம் வைத்தார்கள். மேரி மக்கார்த்தர் என்ற சங்கத் தலைவி வந்து, 1910ல் பத்து வாரம் போராடிய பிறகுதான் சட்டம் சொன்ன கூலி கைக்கு வந்தது.

இலங்கை வாசகர்களுக்குச் சம்பள நிர்ணய சபை பழகிய பெயர். 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் வந்த அந்தச் சபைகளும் பிரிட்டிஷ் ஆட்சிக் கால ஏற்பாடுதான். மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் ஆயிரம் ரூபாய் நாட்கூலிப் போராட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, நிர்ணயிப்பதும் கொடுப்பதும் ஒன்றல்ல என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டன் 1993ல் விவசாயம் தவிர மீதி வாரியங்களை மூடியது. ஆஸ்திரேலியா மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. 1907ல் நீதிபதி ஹிக்கின்ஸ், மனைவியும் மூன்று குழந்தைகளும் உள்ள சாதாரண ஆள் ஓரளவு வசதியாக வாழ நாளுக்கு 7 ஷில்லிங் வேண்டும் என்று தீர்ப்பளித்ததிலிருந்து (பெண்களுக்கு அந்தக் கணக்கில் வெகுகாலம் பாதிக்குச் சற்று மேல்தான் என்பதை அந்த நாட்டுப் பெருமைப் பேச்சில் சொல்ல மாட்டார்கள்) இன்றுவரை நூற்றுக்கு மேற்பட்ட தொழில்களுக்குத் தனித்தனி ஊதிய அட்டவணை ஓடுகிறது. நிரந்தரமில்லாத தற்காலிக ஆளுக்கு 25 சதவீதம் கூடுதல். 2025 ஜனவரி முதல் வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது அங்கே குற்றவியல் குற்றம், சிறைக்கும் வழி உண்டு. நியூசிலாந்தும் 2022ல் இப்படி ஒரு சட்டம் போட்டது. ஆட்சி மாறி, ஓர் ஒப்பந்தம்கூட முடிவதற்குள் 2023 டிசம்பரில் அதை ரத்து செய்துவிட்டார்கள்.

நான் எதைப் பிடிப்பேன்

சங்கங்கள் பலமாக இருக்கும் நாடு என்றால் கை வைக்காதீர்கள். அப்படி நாடுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. மற்றவர்களுக்கு என் வரிசை இது. முதலில் குறைந்தபட்ச ஊதியம், அதுவும் பாராளுமன்றத்தின் மனநிலைக்கு விடாமல், ஆண்டுதோறும் கூடும் ஆணையம் ஒன்றின் கையில். அமெரிக்காவின் 7.25ஐப் பார்த்த பிறகு இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இரண்டாவதாக, வீட்டுப் பராமரிப்பு, துப்புரவு, உணவகம் மாதிரி சிதறிக் கிடக்கும் தொழில்களுக்குத் தனிச் சபை. வரிப்பணத்தில் கொடுப்பது மூன்றாவதுதான், அதையும் சம்பளத்தோடு முடிச்சுப் போடாமல் குழந்தைகளுக்கு என்று கொடுப்பது நல்லது. குழந்தை எத்தனை என்று பார்த்துச் சம்பளம் கொடுக்க முதலாளியால் முடியாது, அரசால் முடியும். குறைந்தபட்ச ஊதியம் இல்லாமல் அதை மட்டும் வைத்தால் பெலிகன் விடுதிக்கே திரும்பிப் போவோம்.

இந்த வரிசைக்கு ஒரு நல்ல எதிர்வாதம் உண்டு. பராமரிப்பு நிறுவனத்துக்குப் பணம் வருவது பெரும்பாலும் உள்ளூராட்சியிடமிருந்து. உள்ளூராட்சி அரை மணிக்கு இவ்வளவுதான் தருவேன் என்று சொல்லிவிட்டு, ஓட்டும் நேரத்துக்கும் சம்பளம் கொடு என்று நிறுவனத்தைச் சொன்னால் அது எங்கே போகும்? ஆக, முதலாளி கொடுக்கட்டும் என்பது இந்தத் தொழிலில் கடைசியில் வரிப்பணத்தில்தான் போய் முடிகிறது. உண்மைதான். ஆனால் அது நேராகச் சம்பளமாக வரட்டும் என்பேன், படிவம் நிரப்பி வாங்கும் உதவியாக அல்ல.

பிரிட்டனின் 2025ஆம் ஆண்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டம் முதியோர் உள்ளிட்ட பெரியவர்களின் பராமரிப்புத் தொழிலுக்கு ஒரு பேச்சுவார்த்தை அமைப்பு நிறுவ வழி செய்திருக்கிறது. மூடிய வாரியங்களின் யோசனை வேறு பெயரில் திரும்ப வருகிறது. நம் பெண்ணின் சம்பளச் சீட்டில் இப்போது மணி நேரம் போட்டிருக்கும். மணிக்கணக்கில் சம்பளம் மாறுபவர்களுக்கு 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். அதில் ஆறு என்று இருக்கிறது. அந்த அமைப்பு கூடும் முதல் நாள், அதை எட்டாக்குவது எப்படி என்று பேசினால் போதும்.